பால் காய்ச்ச ஒரு நல்ல நேரம்

இந்த நாட்டுக்கு வந்து முப்பத்திரண்டு வருடங்களில் நான் எந்தக் கலியாண வீட்டுக்கும் பிந்திப் போனதில்லை. அழைப்பிதழில் ஒன்பது மணி என்று போட்டிருந்தால் எட்டு ஐம்பதுக்கு மண்டப வாசலில் நிற்பேன். மண்டபத்தைத் திறக்கிற ஆளைத் தவிர அந்த நேரத்தில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். பத்துக்கு மாப்பிள்ளை வருவார், பத்தரைக்கு வீடியோக்காரர் வருவார், பெண்ணின் தாய்மாமன் தாலி கட்டி முடிகிற நேரம் பார்த்து வருவார். அதுவரை நான் கோட்டுப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் தனியே இருப்பேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் நேரத்தை விளையாட்டாக எடுக்கிற ஆள் இல்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தமிழில் எழுதித் தரலாம் என்று விட்டதற்கு நன்றி, பிள்ளை. நேற்று நீங்கள் கேட்கக் கேட்க நான் சொன்னதில் ஓர் இடம் பிழை. எழுதும்போது திருத்திவிடுகிறேன். உங்களுக்குத் தமிழ் கதைக்க வரும், வாசிக்க வராது என்றீர்கள். பரவாயில்லை, உங்கள் பொலிஸ் நிலையத்தில் யாராவது வாசித்துச் சொல்வார்கள். என் கையெழுத்து தெளிவானது.

என் பெயர் இளையதம்பி நடேசபிள்ளை. வயது எழுபத்து நான்கு. ஊரில் நில அளவைத் திணைக்களத்தில் வரைபடம் வரைந்தவன். ரொறன்ரோப் பக்கம் ஸ்காபரோவுக்கு வந்து ஒரு பேக்கரித் தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் பாண் அடுக்கினேன். சாதகம் எழுதுவதும் பொருத்தம் பார்ப்பதும் பின்னேர வேலை. பாண் அடுக்கியதை எல்லோரும் மறந்துவிட்டார்கள். இங்கே என்னைச் சாத்திரியார் என்றுதான் தெரியும். யாருக்காவது பிள்ளை பிறந்தால் ஆஸ்பத்திரியில் இருந்து முதலில் எனக்குத்தான் போன் வரும். பிள்ளைக்குப் பெயர் வைக்க முன்னரே நான் அதன் பிறந்த நேரத்தைக் கொப்பியில் எழுதியிருப்பேன்.

பிழை அங்கேதான் தொடங்கியது. ஊரில் மணிக்கூடு காட்டுகிற நேரம்தான் நேரம். இங்கே வசந்தத்தில் எல்லா மணிக்கூட்டையும் ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளுகிறார்கள், பனிக்காலம் வரும்போது பின்னுக்கு இழுக்கிறார்கள். நானும் வருடத்துக்கு இரண்டு தரம் கதிரையில் ஏறிச் சுவர் மணிக்கூட்டைத் திருப்பினேன். ஆனால் கோடையில் பிறந்த பிள்ளைக்குச் சாதகம் எழுதும்போது அந்த ஒரு மணித்தியாலத்தைக் கழிக்க வேண்டும் என்று இருபத்திரண்டு வருடமாக எனக்குத் தோன்றவில்லை. 2009ஆம் ஆண்டு என் மருமகன் தன் கணினியில் பேத்தியின் சாதகத்தைப் போட்டு, "மாமா, இது உங்கட மாதிரி வரேல்லையே" என்று காட்டினான். கணினியில் ஏதோ கோளாறு என்று அவனுக்குச் சொன்னேன். அன்றைக்கே கொப்பிகளை எடுத்து எண்ணிப் பார்த்தேன். கோடையில் பிறந்தவர்கள் நானூற்றுப் பதினொரு பேர்.

நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. அதில் பாதிப் பேருக்கு மேல் பத்து வயதைத் தாண்டிவிட்டார்கள், சிலருக்குக் கலியாணமும் பேசியாகிவிட்டது. அவர்களைப் போய்க் குழப்பி என்ன கண்டது? அதற்குப் பிறகு பிறந்த எல்லோருக்கும் கழித்தே எழுதினேன். நீங்களும் ஓகஸ்ட்டில் பிறந்தவர் என்று நேற்று தேத்தண்ணீர் கொண்டு வந்த பொடியன் சொன்னான். உங்கள் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். சாதகக் குறிப்பு பச்சை மையில், மூலையில் மஞ்சள் பூசி இருந்தால் அது என்னுடையது. லக்கினத்தை நம்ப வேண்டாம்.

நீங்கள் விசாரிக்கிற நிரூபாவின் குறிப்பும் பச்சை மைதான். 1989 யூலை எட்டு, காலை பதினொன்று ஐந்து, ரொறன்ரோ. தகப்பன் அவள் சின்னவளாக இருக்கும்போதே போய்விட்டார். தாய் தவமலர் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்து அவளைப் படிக்க வைத்தவர். நிரூபா பல் வைத்தியசாலையில் பல் துப்புரவாக்குகிற வேலை. 2014இல் தவமலர் இரண்டு குறிப்புகளைக் கொண்டு வந்து என் மேசையில் வைத்தார். பையன் ஜெயந்தன், பக்கத்து மார்க்கம் நகரத்தில் வளர்ந்தவன், காப்புறுதிக் கம்பனியில் நல்ல வேலை.

பையனின் குறிப்பில் பிசகு இல்லை. பெண்ணின் குறிப்பில் நான் கன்னி லக்கினம் எழுதியிருந்தேன், செவ்வாய் பதினோராம் இடம். ஒரு மணித்தியாலத்தைக் கழித்தால் சிம்ம லக்கினம், செவ்வாய் பன்னிரண்டாம் இடம். அதாவது செவ்வாய் தோஷம். தோஷம் உள்ள பெண்ணைத் தோஷம் இல்லாத பையனுக்குச் செய்வதில்லை. நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது அவ்வளவுதான். இதைக் கொப்பியில் பென்சிலால் போட்டுப் பார்த்துவிட்டு அழித்தேன். சொல்லியிருக்கலாம். சொன்னால், நீங்கள் எழுதித் தந்த குறிப்பில் இல்லாத தோஷம் இப்போது எங்கிருந்து வந்தது என்று தவமலர் கேட்பார். மற்றப்படி நட்சத்திரப் பொருத்தம் பத்துக்கு ஒன்பது. ஒரு மணித்தியாலத்தில் நட்சத்திரம் மாறவில்லை, ஆகவே ஒன்பது என்று நான் சொன்னது உண்மை.

"அப்ப செய்யலாமோ, சாத்திரியார்?" என்று தவமலர் கேட்டார்.

"கண்ணை மூடிக்கொண்டு செய்யுங்கோ" என்றேன்.

கலியாணத்துக்கு எட்டு ஐம்பதுக்குப் போனேன். மாலை மாற்றும்போது நிரூபாவுக்கு எட்டவில்லை. ஜெயந்தன் தலையைக் குனிந்து கொடுத்தான். அவள் சிரித்த சிரிப்பில் ஐயரே மந்திரத்தை விட்டுவிட்டுப் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒருவரில் ஒருவருக்கு உண்மையான விருப்பம் இருந்தது. அதை நான் என் கண்ணால் கண்டேன், எனக்கு மனம் குளிர்ந்தது.

பிறகு நடந்தது உங்கள் கோப்பில் இருக்கிறது. நான் அறிந்ததை மட்டும் எழுதுகிறேன். ஜெயந்தன் மத்தியானம் அவள் சாப்பிடுகிற நேரம் பார்த்து வீடியோவில் அழைப்பான், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று சுற்றிக் காட்டச் சொல்வான். அவளுடைய கார் ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்று குறித்து வைப்பான். முதல் வருடம் நிரூபா இதைத் தாயிடம் பெருமையாகத்தான் சொன்னாளாம், அவருக்கு என்னில் அவ்வளவு விருப்பம் என்று. மூன்றாம் வருடம் தவமலர் என்னிடம் வந்தார்.

"சாத்திரியார், பிள்ளை கையில கட்டோட வந்து நிக்கிறாள். படியில விழுந்திட்டனாம். அவையின்ர வீட்டில படியே இல்லை."

குறிப்புகளை விரித்துப் பார்த்தேன். "சனி ஒரு பார்வை பாக்குது. ஐப்பசி மட்டும் பொறுக்கச் சொல்லுங்கோ."

"ஐப்பசி மட்டும் கையால அடிக்கிறவன் ஐப்பசிக்குப் பிறகு என்னத்தால அடிப்பான்?"

"உப்பிடிக் கதையாதேங்கோ. பத்துக்கு ஒன்பது பொருத்தம். பிள்ளையை ஒன்பது சனிக்கிழமை எள்ளெண்ணெய் எரிக்கச் சொல்லுங்கோ."

நிரூபா எரித்தாள். வலது கையில் கட்டு, இடது கையால் நெருப்புக்குச்சி தட்டினாள். கோயிலில் நான் பார்த்தேன். அவளுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை, தாய்க்காகச் செய்தாள். அதற்குப் பிறகு தவமலர் இன்னும் மூன்று முறை வந்தார். ஒருமுறை தை வரை என்றேன், ஒருமுறை குருப்பெயர்ச்சி வரை என்றேன், ஒருமுறை பிள்ளை ஒன்று பிறந்தால் எல்லாம் சரி என்றேன். நீங்கள் நேற்று, பிரிந்து போகச் சொல்ல உங்களுக்கு ஏன் வாய் வரவில்லை என்று கேட்டீர்கள். பிரிந்தால் இரண்டு குறிப்பையும் வேறு ஒருவரிடம் கொண்டு போவார்கள். இப்போது இங்கே எல்லோரும் கணினியில்தான் பார்க்கிறார்கள்.

இந்த வருடம் தை மாதம் ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நிரூபா வேலை செய்த இடத்தில் இருந்து கைப்பையோடு மட்டும் வெளியே போனாள். பெண்களைப் பாதுகாப்பாக வைத்திருக்கிற ஒரு வீட்டில் சேர்த்துக்கொண்டார்கள். ஜெயந்தன் ஐந்நூறு மீற்றருக்குள் வரக்கூடாது என்று நீதிமன்றம் எழுதிக் கொடுத்தது. இதைத் தவமலர் எனக்குச் சொன்னார். ஆகவே அது எனக்குத் தெரியும். தெரியாது என்று நான் ஒருபோதும் சொல்லவில்லை.

மாசி மாதம், பெப்ரவரி இருபத்து மூன்று, சனிக்கிழமை பின்னேரம் நிரூபா என் வீட்டுக்கு வந்தாள். யாரோ கொடுத்த குளிர்ச்சட்டை போட்டிருந்தாள், அதன் கை முழங்கால் வரை தொங்கியது. நான் தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தேன். மனைவி போய் ஆறு வருடம், இதெல்லாம் எனக்குப் பழக்கம்.

"அம்மா வரேல்லையோ, பிள்ளை?"

"அம்மாவுக்குத் தெரியாமல்தான் வந்தனான், ஐயா." போனை எடுத்து மேசையில் வைத்தாள். அதில் சாதகக் கட்டம். "அந்த வீட்டில பொழுது போகாமல் சும்மா போட்டுப் பாத்தனான். இதில சிம்மம் எண்டு வருது. நீங்க கன்னி எண்டு எழுதியிருக்கிறியள்."

"போனில வாறதெல்லாம் சாத்திரமே?"

"நானும் அப்பிடித்தான் நினைச்சனான். பேந்து ஒரு மணித்தியாலத்தைக் கூட்டிப் போட்டுப் பாத்தன். உங்கட கன்னி வந்துது." கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "யூலையில மணிக்கூடு ஒரு மணித்தியாலம் முன்னுக்கு நிக்கும். நீங்க கழிக்க மறந்திட்டியள், ஐயா. அவ்வளவுதான்."

கோபமாகச் சொல்லவில்லை. உங்களுக்கு ஒரு பல்லில் சொத்தை இருக்கிறது என்று வந்த நோயாளிக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

"இதை இப்ப ஏன் பிள்ளை கிளறுறீர்?"

"எனக்கு உதில நம்பிக்கை இல்லை. அம்மாவுக்கு இருக்கு. அஞ்சு வருசமா அம்மா ஒரே பாட்டு. பொருத்தம் சரி, சாத்திரியார் பாத்தது, நீதான் பொறுக்கேல்லை எண்டு. இப்பவும் அழுதழுது அதைத்தான் சொல்லுறா. பிழை என்னில இல்லை எண்டு அவவுக்கு விளங்க வேணும், ஐயா. அவவின்ர பாசையில சொன்னாத்தானே விளங்கும்." பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "கோடையில பிறந்த என்ர சிநேகிதப் பிள்ளையளும் இருக்கினம். அவையளுக்கும் சொல்ல வேணும்" என்றாள்.

மேசையில் என் பாராட்டு விழா அழைப்பிதழ்க் கட்டு இருந்தது. மார்ச் பதினேழு, ஞாயிற்றுக்கிழமை, மூத்தோர் சங்க மண்டபம், முப்பது வருடச் சேவைக்குப் பட்டமும் பொன்னாடையும். அவள் ஒன்றை எடுத்துப் பார்த்தாள்.

"ஐயோ, உங்கட படம் வடிவா வந்திருக்கு."

"அது மட்டும் முடியட்டும், பிள்ளை. பிறகு நானே உம்மட அம்மாவுக்குச் சொல்லுறன்."

அவள் உடனே தலையாட்டினாள். "சரி ஐயா, முடியட்டும். இவ்வளவு நாள் பொறுத்தனான், மூண்டு கிழமை என்ன." தேத்தண்ணீரைக் குடித்து முடித்துக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

இந்த இடத்தில் நீங்கள் "பயம்" என்று ஒரு சொல்லை எழுதிக்கொண்டதைக் கண்டேன். எனக்குப் பயம் இருக்கவில்லை. விழா முடிந்த பிறகும் அவள் சொல்லத்தானே போகிறாள் என்று மட்டும் நினைத்தேன். நானூற்றுப் பதினொரு குடும்பம். கலியாணம் முடித்தவர்கள் ஒவ்வொருவரும் வீட்டில் சண்டை வருகிற நேரமெல்லாம் என் பெயரை இழுப்பார்கள். நான் எல்லோருடைய நிம்மதியையும் யோசித்தேன்.

மார்ச் மூன்றாம் திகதி தவமலர் போன் எடுத்தார். குரல் தாழ்த்திக் கதைத்தார், அவர் வீட்டில் அவரைத் தவிர ஒருவரும் இல்லை.

"சாத்திரியார், பிள்ளைக்கு ஒரு வீடு கிடைச்சிட்டுது. நிலத்துக்குக் கீழ பேஸ்மென்ற்தான். ஒரு குருவிக்கும் சொல்லக்கூடாது எண்டு சொன்னவள். உங்களுக்கு மட்டும்தான் சொல்லுறன். பால் காய்ச்ச ஒரு நல்ல நேரம் பாத்துத் தாங்கோ."

எங்கள் ஆட்கள் அப்படித்தான். பிள்ளையை ஊர் கண்ணுக்கு ஒளித்து வைப்பார்கள், ஆனால் ஒளித்து வைக்கிற வீட்டிலும் நல்ல நேரத்தில் பால் பொங்க வேண்டும். நான் வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டேன்.

"வாசல் எந்தத் திசை?"

"அதெனக்குத் தெரியேல்லையே. வீட்டின்ர பக்கவாட்டில வாசலாம். விலாசம்தான் தந்தவள்."

"விலாசத்தைச் சொல்லுங்கோ. நான் வரைபடத்தில பாத்துச் சொல்லுறன்."

தெருப் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னார். ஊர் ஒஷாவா. நான் வரைபடத்தில் வாழ்ந்தவன், இரண்டு நிமிடத்தில் பிடித்துவிட்டேன். கிழக்கு வாசல். மிக நல்ல வாசல். வருகிற ஞாயிறு, மார்ச் பத்து, இராகு காலம் முடிந்ததும் என்று நாள் குறித்தேன். இராகு காலம் அன்று சூரியன் மறைகிற வரை. ஒரு நாளில் ஒரு நிமிடம்தான் வித்தியாசம் என்று அதற்கு முதல் நாள் சூரியன் மறைகிற நேரத்தைப் பஞ்சாங்கத்தில் பார்த்தேன், ஆறு பதின்மூன்று. ஆகவே ஆறே காலுக்குப் பிறகு, ஏழுக்கு முன்.

இன்னும் இரண்டு விஷயம் சொன்னேன். பிள்ளை முதலில் தனியே வீட்டுக்குள் விளக்கேற்றிவிட்டு இருக்க வேண்டும், தாய் பாலோடு வெளியே இருந்து வர வேண்டும். கதவு தட்டினால் பிள்ளை "ஆர்" என்று கேட்கக்கூடாது, கேட்காமல் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் இலட்சுமி திரும்பிப் போய்விடும். அப்படி ஒரு சாத்திரம் இருக்கிறதா என்று நேற்றுக் கேட்டீர்கள். இல்லை.

இப்போது நான் திருத்த வேண்டிய இடம். ஜெயந்தன் என்னைத் தேடி வந்தான் என்று சொன்னேன். அவன் வந்தது உண்மை. ஆனால் செவ்வாய்க்கிழமை காலை நான்தான் அவனைப் போனில் கூப்பிட்டேன். கூப்பிட்டு இருபது நிமிடத்தில் வாசலில் நின்றான். முகம் மழிக்கவில்லை, காலில் இரண்டு சப்பாத்தும் வேறு வேறு. கதிரையில் இருக்காமல் நிலத்தில் இருந்து அழுதான்.

"எங்கை எண்டு மட்டும் சொல்லுங்கோ, சாத்திரியார். காலில விழுந்து கூட்டிக்கொண்டு வருவன். அவ இல்லாமல் எனக்குச் சாப்பாடு இறங்குதில்லை."

"வரமாட்டன் எண்டு சொன்னா?"

"அப்பிடிச் சொல்லமாட்டா."

"சொன்னா?"

அவன் கண்ணைத் துடைத்தான். "சொன்னா, அவவை வேற ஒருத்தருக்கும் விடமாட்டன்."

விலாசத்தையும் நேரத்தையும் ஏற்கெனவே ஒரு துண்டில் எழுதி வைத்திருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். ஞாயிறு, சரியாக ஆறே கால், அதற்கு ஒரு நிமிடம் முந்தியும் வேண்டாம் என்றேன். பச்சை மையில் எழுதியதால்தான் உங்களுக்கு என் வீடு தேடி வர இலகுவாக இருந்தது.

தாயும் ஆறே காலுக்கு வருவார் அல்லவா, இரண்டு பேரும் சந்திப்பார்கள் என்று நினைக்கவில்லையா என்றும் கேட்டீர்கள். தவமலர் தன் மகளின் கலியாணத்துக்கே முக்கால் மணித்தியாலம் பிந்தி வந்தவர். ஆறே காலுக்கும் ஏழுக்கும் இடையில் என்றால் அவர் ஆறு ஐம்பதுக்குத்தான் வருவார். முப்பது வருடமாக மண்டபத்தில் முன்வரிசையில் இருந்து பார்த்தவனுக்கு இதுகூடத் தெரியாதா? கணவன் மனைவிக்கு மனம் விட்டுக் கதைக்க முப்பத்தைந்து நிமிடம் வேண்டும் என்று நான் கணக்குப் பார்த்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தலைக்கு முழுகினேன். விழாவில் கதைக்கப் போகிற பேச்சை எழுதினேன். பின்னேரம் போன் ஆறே கால் காட்டியபோது சாமிப் படத்துக்கு விளக்கேற்றி, இரண்டு பேரும் ஒன்றாக வேண்டும் என்று கும்பிட்டேன். அது மனதாரக் கும்பிட்டது. நம்புவதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

கும்பிட்டுவிட்டுத் தேத்தண்ணீர் போடக் குசினிக்குப் போனேன். அடுப்பு மணிக்கூடு ஐந்து இருபது காட்டியது. கையில் இருந்த போனில் ஆறு இருபது. யன்னலால் பார்த்தால் வெளியே நல்ல வெயில். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்று காலை நாடு முழுவதும் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியிருந்தார்கள். போன் தானாக மாறிவிட்டது, அடுப்பு மாறவில்லை. நான் முதல் நாள் நேரத்தை வைத்து எழுதியிருந்தேன். இராகு காலம் ஆறு பதின்மூன்றுக்கு முடியவில்லை, ஏழு பதினான்கு வரை இருந்தது. நான் அவனை இராகு காலத்தின் நடுவில் அனுப்பியிருந்தேன்.

மறுபடியும் அதே பிழையை விட்டிருந்தேன். இதை எழுத வெட்கமில்லை. ஜெயந்தனின் இலக்கம் போனில் இருந்தது, தவமலரின் இலக்கமும் இருந்தது. மூன்று இலக்கத்தை அமத்தினால் நீங்கள் வருவீர்கள் என்பதும் தெரியும். அந்த நேரத்தில் பதினொரு நிமிடம் மிச்சம் இருந்தது என்று நேற்று நீங்கள் மேசையில் விரலால் தட்டித் தட்டிச் சொன்னீர்கள். ஆனால் அது இராகு காலம், பிள்ளை. இராகு காலத்தில் எடுக்கிற எந்த அலுவலும் உருப்படாது. ஏழு பதினான்கு ஆகட்டும் என்று கதிரையில் இருந்தேன்.

தவமலர் ஆறு ஐம்பத்திரண்டுக்குப் போனாராம். புதுச் சட்டிக்குக் குங்குமம் வைக்க மறந்து பாதி வழியில் திரும்பிப் போனாராம். இரண்டு பை பாலும் சட்டியும் கையில் இருந்தபடி, "பிள்ளை, அம்மா வந்திட்டன்" என்று பக்கவாட்டுப் படியில் இறங்கினாராம். கதவு திறந்தபடி இருந்தது. உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஜெயந்தன் அவளுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்து அழுதுகொண்டிருந்தானாம், என் வீட்டில் அழுத மாதிரியே. வரமாட்டேன் என்று அவள் ஒரு தரம்தான் சொன்னாளாம். இதெல்லாம் நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஆகவே, விலாசத்தை வாங்கியது நான். கொடுத்ததும் நான். கேட்காமல் கதவைத் திறக்கச் சொன்னதும், தாய் வந்து சேராத நேரமாகப் பார்த்துக் குறித்ததும் நான். இதில் எதையும் நான் மறுக்கவில்லை, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டினால் போடுகிறேன். விழாவை நிறுத்திவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். பதினேழாம் திகதி நல்ல நாள், வீணாகப் போகிறது. நிரூபா அந்த ஒரு மணித்தியாலக் கதையைத் தாய்க்குச் சொல்லவில்லை என்று நீங்கள் சொன்னீர்கள். சொல்லமாட்டாள் என்று எனக்குத் தெரியும். வாக்குக் கொடுத்தால் காப்பாற்றுகிற பிள்ளை.

ஒரு சின்ன விஷயம் மட்டும் மிச்சம். நேற்று உங்கள் கோப்பில் தலைகீழாக வாசித்தேன், பழைய வரைபடக்காரனுக்கு அது பழக்கம். அவள் உயிர் போன நேரம் மாலை ஆறு முப்பத்தொன்று என்று போட்டிருக்கிறீர்கள். அது தள்ளி வைத்த மணிக்கூட்டு நேரம். தயவுசெய்து ஒரு மணித்தியாலத்தைக் கழித்து ஐந்து முப்பத்தொன்று என்று திருத்துங்கள். அதைக் கழிக்காமல் விட்டதால்தான் அந்தப் பிள்ளை செத்தது.